ரப்பர் மரமே இல்லாத மதுரையில் டயர் தொழில் எப்படி வளர்ந்தது?

ரப்பர் பால் வடிப்பது கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும்தானே, மதுரைக்கு டயர் தொழில் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். மரத்தைத் தேடிப் போனால் விடை கிடைக்காது. பேருந்தைத் தேட வேண்டும்.

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் மதுரையிலிருந்து பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். வண்டி ஓட்டுபவருக்கு எஞ்சினைவிட அடிக்கடி செலவு வைப்பது டயர். இரண்டாம் உலகப் போரில் 1942-இல் ரப்பர் விளையும் மலேயா (இன்றைய மலேசியப் பகுதி) ஜப்பானியர் வசமானதும் உலகச் சந்தையில் ரப்பருக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பெட்ரோலும் கிடைக்காததால் கரிவாயுவில் பேருந்து ஓடிய காலம் அது. தேய்ந்த டயரைத் தூக்கியெறிய எவருக்கும் மனம் வராத அந்த நாட்களில், பழைய டயருக்குப் புது மேற்பரப்பு போடும் ரீட்ரெடிங் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேய்ந்த மேற்பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, கந்தகம் கலந்த புது ரப்பர் பட்டையை அதன்மேல் ஒட்டி, வார்ப்பு அச்சில் இறுக்கிச் சூடேற்றினால், பிசுபிசுப்பாக இருந்த ரப்பர் உறுதியும் மீள்தன்மையும் பெற்றுப் பழைய டயரோடு ஒன்றிவிடும். அந்தக் கந்தக நெடி பட்டறை வாசலிலேயே மூக்கைத் துளைக்கும்.

சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்தின் டயர் நிறுவனமான டிவிஎஸ் ஸ்ரீசக்ரா 1982-இல் உருவானது. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் உள்ள அதன் ஆலை, இருசக்கர, மூன்று சக்கர வாகன டயர்களைச் செய்கிறது. பேருந்து டயர் பக்கம் போகாமல் ஸ்கூட்டரையும் ஆட்டோவையும் பிடித்ததே, என் கணிப்பில், அதன் சாமர்த்தியம். அதன் டயர்களுக்கு யூரோகிரிப் என்ற வணிகப் பெயர் 2019-இல்தான் வந்தது.