பிரபஞ்சம் நமக்காகவா? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆந்த்ரோபிக் கொள்கை என்றால் பிரபஞ்சம் மனிதனுக்காகவே அமைந்தது என்று அர்த்தமா சார்?

பதில்: இல்லை. 1973இல் கிராக்கோவ் நகரில், கோப்பர்நிக்கஸின் 500ஆவது பிறந்த ஆண்டையொட்டி நடந்த கூட்டத்தில் இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் இந்தப் பெயரை வைத்தார். உயிர் வாழ முடிகிற இடத்திலும் காலத்திலும் இருந்துகொண்டுதான் நாம் பார்க்கிறோம்; கண்டதைக் கொண்டு முடிவுகட்டும்போது அதை மறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கேள்வி: ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

பதில்: பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். நாம் ஏன் இன்னும் முன்னாலேயே வரவில்லை? நட்சத்திரங்களுக்குள் கார்பன் உருவாகி வெளியே சிதற வேண்டும், அப்புறம்தான் நம்மைப் போன்றவர்கள். இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி 1961இலேயே இதைச் சொல்லிவிட்டார்.

கேள்வி: 'நாம் இருக்கிறோம், எனவே கார்பன் கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே தீர வேண்டும்' என்று வானியலாளர் ஃபிரெட் ஹாயில் கணித்தாராமே?

பதில்: பாதி உண்மை. இரண்டு ஹீலியம் கருக்கள் சேர்ந்தால் பெரிலியம்-8. அது ஒரு நொடியில் கோடி கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காது. அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து ஒட்டினால்தான் கார்பன். கார்பனில் 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கருவின் ஆற்றலை அளக்கும் அலகு) அருகே ஒரு நிலை இருந்தால்தான் இது போதிய வேகத்தில் நடக்கும். ஹாயில் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் ஃபௌலர் குழுவினரைத் தேடச் சொன்னார். 1953இல் அந்த நிலை அகப்பட்டது. அழகான கதைதான். ஆனால் அன்று அவர் போட்ட கணக்கு, நட்சத்திரத்தில் எவ்வளவு கார்பன் மிஞ்சும் என்பது. உயிர் பற்றிய பேச்சு பின்னாளில் ஒட்டவைத்தது.

கேள்வி: அப்படியானால் முன்கூட்டிச் சொல்லிப் பலித்தது ஒன்றுமே இல்லையா?

பதில்: ஒன்று உண்டு. வெற்றிடத்துக்கே உள்ள ஆற்றலைக் குறிக்கும், பிரபஞ்சத்தை விரியத் தள்ளும் அண்டவியல் மாறிலி என்ற எண் பூஜ்யமாகத்தான் இருக்கும் என்று பலர் நம்பிய காலம். அது மிகப் பெரிதாக இருந்தால் பொருள் திரண்டு கேலக்ஸி உருவாகாது, எனவே ஓர் எல்லைக்குள் இருக்கும், பூஜ்யமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்றார் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க், 1987இல். 1998இல் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, ஆராய்ந்தபோது பூஜ்யமில்லாத மதிப்பே தெரிந்தது. அவர் எல்லை பல மடங்கு தாராளமானது, அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: கடைசியில், இந்த எண்கள் உயிருக்கு ஏற்றபடி அமைந்ததற்குக் காரணம் கடவுளா, வெவ்வேறு எண்களோடு பல பிரபஞ்சங்கள் இருப்பதா?

பதில்: இரண்டில் ஒன்று என்று ஏன் அவசரம்? இந்த எண்களை வேறு விதமாக இருக்கவிடாத விதி ஏதாவது இருக்கலாம். 'மயிரிழை தவறினாலும் உயிர் இல்லை' என்பதிலும் மிகை உண்டு. அந்தக் கார்பன் நிலையை 0.06 மெகா எலக்ட்ரான் வோல்ட் உயர்த்தி வானியற்பியலாளர் மாரியோ லிவியோ குழுவினர் 1989இல் கணக்கிட்டார்கள். கார்பன் அளவு பெரிதாக மாறவில்லை.