போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளின் குழலை வேறு தோட்டாவுக்கு மாற்றலாமா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்ட வீட்டில் தாத்தா காலத்து வேட்டை ரைஃபிள் இருக்கிறது, குழலை மட்டும் மாற்றி வேறு தோட்டா போடலாமா என்பது கேள்வி. போடலாம், ஆனால் எந்தத் தோட்டா என்பதைப் போல்ட்தான் முடிவு செய்யும்.

போல்ட் என்பது நாம் கையால் தூக்கி இழுக்கும் தாழ்ப்பாள். அதைக் கழற்றி முன்முகத்தைப் பாருங்கள்: சின்ன வட்டக் குழி, ஓரத்தில் ஒரு கொக்கி. தோட்டாவின் அடிப்பாகம் அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார வேண்டும். வெடித்ததும் காலிக் கூட்டை வெளியே இழுப்பது அந்தக் கொக்கி. அடுத்தது நீளம். தோட்டா மேகசினுக்குள், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டிக்குள், அடங்க வேண்டும்.

சேலத்து எவர்சில்வர் அடுக்குக் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். புது அடுக்கு வாங்கினால் வாய் அகலம் பழையதோடு பொருந்த வேண்டும், உயரம் பிடிக்குள் அடங்க வேண்டும். அதே மாதிரிதான் இங்கேயும்: .30-06 என்ற வகைத் தோட்டாவுக்கான ரைஃபிளை .270 வின்செஸ்டர் என்ற வகைக்கு மாற்றுவது எளிது. இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பாகத்தின் விட்டம் சுமார் 12 மி.மீ., மொத்த நீளம் சுமார் 85 மி.மீ. ஆனால் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்ற வகைக்கு அடிப்பாகம் 13.5 மி.மீ. அதற்குப் போல்ட்டிலும் கை வைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு, பொருந்துகிற ரைஃபிளை முதலிலேயே தேர்ந்தெடுப்பது நல்லது என்பேன்.

அப்புறம், 1959 ஆயுதச் சட்டப்படி இந்த வேலையை உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யலாம். வேட்டையும் இங்கே சட்டப்படி குற்றம்.

தோட்டாவின் முனையிலிருந்து பறக்கும் குண்டின் விட்டம் ஒன்றானால் தோட்டாவும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். .308, .30-06 இரண்டிலும் குண்டு 7.8 மி.மீ.தான், ஆனால் கூட்டின் நீளம் வேறு. ஒன்றின் குழலில் மற்றதைச் சுடவே கூடாது.