ஊர் விழாவும் பூத் கமிட்டியும்

அன்புள்ள அண்ணா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் இளைஞர் மன்றத்தில் வருடா வருடம் காணும் பொங்கலன்று விளையாட்டு விழா நடத்துவோம். கோலப் போட்டி, உறியடி, கபடி எல்லாம் உண்டு. தேர்தல் வருடம் என்பதால் இந்த முறை கூப்பிடாமலே ஆட்கள் வந்தார்கள். ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் கபடிக்கு முதல் பரிசு முழுவதையும் தானே தருவதாகச் சொன்னார். இன்னொரு கட்சிக்காரர், "நாற்பது டி-சர்ட் அடிச்சுத் தர்றேன், முதுகுல தலைவர் படம் மட்டும் இருக்கும்" என்றார். மூன்றாவது கட்சி எங்கள் விழாப் பந்தலிலேயே கண் பரிசோதனை முகாம் வைக்கக் கேட்டது. மன்றத்தில் இரண்டு நாள் சண்டை. கடைசியில் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து, வீட்டுக்கு 200 ரூபாய் வசூலித்து நாங்களே நடத்தினோம்.

இப்போது என் பிரச்சினை வேறு. அந்தக் கட்சிகளில் ஒன்று, எங்கள் வாக்குச்சாவடி வேலைகளைப் பார்க்கும் பூத் கமிட்டிக்கு என்னைக் கூப்பிடுகிறது. அதன் கொள்கை மேல் எனக்குப் பிடிப்பு உண்டு. ஆனால் அம்மா, "கட்சிக்காரன்னு பேர் வாங்காதே, நாளைக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்க" என்கிறார். விழாவுக்குக் கட்சி வேண்டாம் என்று சண்டை போட்ட நானே கட்சியில் சேர்ந்தால் பையன்கள் என்ன நினைப்பார்கள்? கட்சி ஊருக்குள் எதுவரை வரலாம் அண்ணா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

விழாவுக்குக் கட்சிப் பணம் வேண்டாம் என்றீர்களே, அது சரி. பூத் கமிட்டிக்குக் கூப்பிட்டால் போவதும் சரிதான். இரண்டும் இடிக்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். 2001 சட்டமன்றத் தேர்தல் வந்த வருடம் எனக்கு இருபது வயது. மன்றத்தில் வாலிபால் ஆடுவோம். எங்களிடம் இருந்தது மீன்வலை நூலால் ஒட்டுப்போட்ட ஒரே ஒரு நெட். ஒரு கட்சிப் பிரமுகர் புது நெட்டும் இரண்டு பந்தும், டோர்னமெண்டுக்கு ஒரு பெரிய கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். பேனரில் தன் படம் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டோம். அடுத்த வாரமே மேலத்தெருப் பையன்கள் எதிர்க்கட்சிக்காரரிடம் போய் இன்னொரு நெட் வாங்கி வந்துவிட்டார்கள். ஒரே ஊரில் இரண்டு மன்றம், இரண்டு நெட். எந்தப் பக்கமும் அணிக்கு ஆறு பேர் தேறவில்லை. மே மாதம் தேர்தல் முடிந்ததும் பிரமுகர்கள் இரண்டு பேரும் ஊர்ப்பக்கம் வரவில்லை. ஆடி மாதம் பார்க்கிறேன், நெட் கட்டிய கம்பத்தில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். மேலத்தெருவில் எனக்கு உயிர் நண்பன் ஒருவன் இருந்தான். ஏழு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது.

அதனால் உங்கள் மன்றத்தில் நடந்த இரண்டு நாள் சண்டையை நல்ல சண்டை என்பேன். எங்கள் மன்றத்தில் அன்றைக்கு அப்படி ஒருவரும் சண்டை போடவில்லை.

பொங்கலுக்கு ஏன் இப்படி வரிந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தேர்தல் தேதி 2011-ல் மார்ச் 1 அன்றும், 2016-ல் மார்ச் 4 அன்றும், 2021-ல் பிப்ரவரி 26 அன்றும் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த பிறகுதான் நடத்தை விதிகள் அமலுக்கு வரும். வேட்பாளரின் செலவுக் கணக்கு அதற்கும் பின்னால், அவர் மனுத்தாக்கல் செய்யும் நாளில் தொடங்கி முடிவு அறிவிக்கும் நாளில் முடியும். சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். தை மாதம் கபடிக்குக் கொடுத்த பரிசும் முதுகில் படம் போட்ட டி-சர்ட்டும் அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. பறக்கும் படை வண்டியும் அப்போது ரோட்டில் நிற்காது. ஆக, தேர்தல் வருடத்துக் காணும் பொங்கல்தான் கணக்கில் வராமல் செலவு செய்யத் தோதான நாள். அதற்குப் பிறகு நடப்பதை நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016-ல் பணப்பட்டுவாடா எல்லை மீறிப்போய் தஞ்சாவூர் தொகுதியில் தேர்தலையே நிறுத்தி நவம்பர் 19-ல் நடத்தினார்கள். விளையாட்டு விழாவில் தொடங்குகிற பழக்கம்தான் வாக்குக்கு முந்தின இரவு கதவைத் தட்டுகிற கவரில் போய் நிற்கிறது. பையன்களுக்கு முதலில் கை நீட்டக் கூச்சம் போகிறது, அவ்வளவுதான்.

ஆனால் கட்சியும் ஊரும் ஒட்டாமல்தான் இருந்தன என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பு எடுக்கக் கிளம்பினார். தொண்டர்கள் நடந்தது உங்கள் மன்னார்குடி வழியாகத்தான். யாத்திரைக்காரர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். இப்படி ஊரார் சோற்றைத் தின்றுகொண்டே நடந்து ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது அந்தப் படை. நாற்பதுகளில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைச் சேரிகளில் விவசாயச் சங்கம் கட்டியபோது, அவரைத் தங்கவைத்துக் கஞ்சி ஊற்றியது கூலிக்காரக் குடும்பங்கள். திராவிட இயக்கம் வளர்ந்ததும் ஊர்ப் படிப்பகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும்தான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் படிப்பகத்துக்கு நாளிதழ் வாங்கக் காசு ஊர்க்காரர்கள் போட்டது. 1967 தேர்தலுக்குத் திமுக 10 லட்சம் ரூபாய் இலக்கு வைத்து நிதி திரட்டி அதற்கு மேலும் சேர்த்ததென்றால், அதில் எத்தனை பேருடைய எட்டணாவும் ஒரு ரூபாயும் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று ஊர் கட்சிக்குச் சோறு போட்டது. சோறு போட்டவனுக்குக் கேள்வி கேட்க வாய் இருந்தது. இன்று பந்தல், பிரியாணி, டி-சர்ட், வேன் வாடகை எல்லாம் கட்சியிலிருந்து ஊருக்கு வருகிறது. வாங்கிச் சாப்பிட்ட பிறகு வடிகால் ஏன் தூர்வாரவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது? உங்கள் 200 ரூபாயை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

அந்த 200 ரூபாயைப் பற்றி ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தெந்தத் தெருவில் வசூலித்தீர்கள்? காலனியில் கேட்டீர்களா? அங்கேயிருந்து கபடிக்கு அணி வந்ததா? கோலப் போட்டியில் அந்தத் தெருப் பெண்கள் உட்கார்ந்தார்களா? நம் பக்கத்தில் 'ஊர்ப் பொது' என்று சொல்லும்போது பாதி ஊர் விடுபட்டுப்போகிறது. தலைக்கட்டு வரி வாங்காத வீட்டுக்குத் திருவிழாவில் உரிமையும் இல்லை என்று ஒதுக்கிவைத்த ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்துக் கொன்ற மண் இது. கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்தவை. வருடா வருடம் அதே நாளில் அங்கே கூடுகிறார்களே, அது ஒரு கட்சியின் நிகழ்ச்சிதான். ஆனால் அந்த மனிதர்களை நினைக்க வேறு எந்த ஊர்ப் பொதுவும் அப்போது முன்வரவில்லை. சில ஊர்களில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஒரே இடம் கட்சிக் கூட்டமாக இருந்திருக்கிறது. கட்சி வேண்டாம் என்கிற ஊர்விழா, கட்சிக் கூட்டத்தைவிடக் குறுகிப்போய்விடக் கூடாது. வசூல் நோட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். விடுபட்ட தெரு இருந்தால் அடுத்த தைக்குள் அங்கிருந்து இரண்டு பேரையாவது விழாக் கமிட்டியில் சேருங்கள்.

இனி பூத் கமிட்டி.

2025 டிசம்பர் 19 அன்று எஸ்ஐஆர் எனப்படும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவு வாக்காளர் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சமாக இருந்த பெயர்கள் 5 கோடியே 43 லட்சமாகக் குறைந்தன. ஏறத்தாழ 97 லட்சம் பெயர் இல்லை. செத்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் அதில் நிறைய. ஆனால் அந்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடை பெஞ்சில் ஒரு காட்சியைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் கிளைச் செயலாளராக இருந்த பெரியவர் ஒருவர் உண்டு. எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. மேடையில் அவரை நான் பார்த்ததே இல்லை. மாவட்டச் செயலாளர் வந்தால் கடைசி வரிசையில் நிற்பார், சால்வை போடக்கூட முன்னால் போக மாட்டார். அன்று மடியில் பட்டியலை வைத்துக்கொண்டு, மர ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பழையதில் பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் சின்னச் சின்ன எழுத்து. 'தி' என்றால் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர். 'க' என்றால் கல்யாணமாகிப் போன பெண். 'ம' என்றால் மரணம், பக்கத்தில் வருடம். முப்பது வருடத்து ஊரே அந்தத் தாளில் இருந்தது. ஒரு அம்மா அழாத குறையாக வந்து நின்றார். மகள் பிரசவத்துக்காகத் திருப்பூரில் மூன்று மாதம் இருந்திருக்கிறார். அந்த நேரத்தில் படிவம் வந்து போயிருக்கிறது. "இருக்கும்போதே செத்தவன்னு எழுதிப்புட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஆள் இல்லைன்னுதான் போட்டிருக்கு, உட்காரு" என்று சொல்லிப் பெரியவர் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ எடுத்தார். ஆதாரைக் கண்ணருகே வைத்து எண்களை ஒவ்வொன்றாக எழுதி, இரண்டுமுறை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அந்த அம்மா காலங்காலமாக எதிர்க்கட்சிச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுபவர் என்று ஊருக்கே தெரியும். பெரியவருக்கும் தெரியும்.

நான் உங்களைப் பூத் கமிட்டிக்குப் போகச் சொல்வது இந்த வேலைக்காக. ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் கூடாது என்று 2025-ல் தேர்தல் ஆணையம் வரம்பு வைத்தது. மிஞ்சிப்போனால் நானூறு வீடு. கால்நடையாகவே நாலைந்து நாளில் சுற்றிவிடலாம். யார் பெயர் விடுபட்டது, பதினெட்டு வயது ஆனது யாருக்கு, எந்தப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோனது என்று அந்த நானூறு வீட்டுக்கும் தெரிந்தவராக ஒருவர் இருந்தால், கட்சி என்பது அந்த ஊருக்கு உபயோகமான பொருள். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் வரும்வரை பெயர் சேர்க்க வழியுண்டு. ஆனால் கடைசி நேரத்தில் கொடுத்தால் விசாரணை முடியாமல் நின்றுவிடும், இப்போதே கொடுத்துவிட வேண்டும்.

வாக்குப்பதிவு அன்று ஏஜென்டாக உட்காரச் சொன்னாலும் உட்காருங்கள். விடிவதற்குள் போய் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டைப் போட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் படிவம் 17சி நகலை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. பசித்தாலும் அவசரப்பட்டாலும் அந்தத் தாளை விட்டுவிடாதீர்கள். உங்கள் சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் அத்தாட்சி அது ஒன்றுதான்.

கட்சியிடம் சேரும்போதே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பணம் பிரிக்கிற நோட்டை நான் தொட மாட்டேன். இளைஞர் மன்றத்தில் கட்சியைப் பற்றிப் பேச மாட்டேன். இதற்கு ஒத்துக்கொள்ளாத கட்சிக்கு உங்கள் உழைப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. மன்றத்திலும் மறைக்காதீர்கள். பொறுப்பு ஏதாவது வைத்திருந்தால், குறிப்பாக வசூல் கணக்கு உங்களிடம் இருந்தால், தேர்தல் முடியும்வரை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பையன்கள் அதைக் கவனிப்பார்கள். தேர்தல் முடிந்த பிறகும் போய்க்கொண்டிருங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் கேட்கிற கட்சிக்காரனை நம் ஊர்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்த கட்சிக்காரர்கள் கரைவேட்டி கட்டி, வண்டியில் கொடி பறக்கத் தாலுகா ஆபீசில் அதட்டுகிறவர்கள். அவரோடு வாதம் பண்ணாதீர்கள். பட்டியலை வீட்டுக்கு எடுத்துப் போய்த் திண்ணையில் வைத்து, "இதுல நம்ம தெருவுல யார் யார் பேரு இல்லைன்னு பார்த்துச் சொல்லும்மா" என்று கேளுங்கள். எந்த வீட்டுப் பெண் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டாள், யார் எந்த வருடம் செத்தார் என்பது அந்த வயதுப் பெண்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் பெரியவரின் சிவப்பு மை எழுத்துகளில் பாதி அவர் மனைவி சொல்லி எழுதியவை.

எத்தனை பெயர் விடுபட்டிருந்தது என்று எண்ணி முடித்ததும் எனக்கு எழுதுங்கள். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.