தீவிரக் கருத்தா, பகடியா என்பதை எழுத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

எழுத்தை மட்டும் வைத்து முடியாது என்பதே என் பதில். எழுதியவர் யார் என்று தெரிந்தால் பெரும்பாலும் முடியும்.

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன என்றும், அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் பாடினார். சொல்லளவில் அது தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. பாடுகிறவர் யார் பக்கத்து ஆள் என்பது தெரிந்திருந்ததால்தான் அது வஞ்சப்புகழ்ச்சி ஆயிற்று; அதையே தொண்டைமானின் அவைப்புலவர் பாடியிருந்தால் பரிசு வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

ஆள் தெரியாதபோது என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் எழுத்தாளர் டேனியல் டீஃபோ சான்று. அரசுத் திருச்சபையில் சேராத கிறித்தவர்களில் ஒருவரான அவர், அவர்களை ஒடுக்கத் துடித்த கடும்போக்காளரின் குரலிலேயே, போதகர்களைத் தூக்கிலிட வேண்டும், அவர்களது கூட்டத்துக்குப் போகிறவர்களை நாடு கடத்த வேண்டும் என்று 1702இல் பெயர் போடாமல் ஒரு துண்டுநூல் வெளியிட்டார். அந்தத் தரப்பிலேயே அதை மெய்யென்று நம்பிப் பாராட்டியவர்கள் இருந்தார்கள். எழுதியவர் யார் என்பது வெளிப்பட்ட பின் வழக்கு வந்தது. 1703 ஜூலையில் மூன்று நாள் பொது இடத்தில், கழுத்தையும் கைகளையும் பூட்டும் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார். பகடி மிகையால் இயங்குவது. மிகையே அன்றாடப் பேச்சாகிவிட்ட தரப்பைப் பகடி செய்ய, அதற்கு மேல் ஏறப் படி இருப்பதில்லை. 2005இல், உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புக் கொள்கை பற்றிய ஒரு விவாதத்தில் நேத்தன் போ என்பவர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: கண்சிமிட்டும் குறி இல்லாவிட்டால் எந்தப் பகடியையும் யாராவது ஒருவர் மெய்யென்று எடுத்துக்கொள்வார்.

நானும் பட்டிருக்கிறேன். இடக்கையால் எழுதுவதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று விளையாட்டாக எழுதியபோது, ஒருவர் வரிக்கு வரி ஆதரித்துக் கூடுதல் தண்டனைகளையும் பரிந்துரைத்தார். அவர் என்னை நம்பினாரா, என் விளையாட்டில் சேர்ந்துகொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னவை வெள்ளந்தியான குழப்பங்கள். இந்த மங்கலை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்களும் உண்டு. 2017இல் கசிந்த, அமெரிக்க நவநாஜித் தளம் ஒன்றின் எழுத்து நடைக் கையேடு, தாங்கள் கேலி செய்கிறோமா இல்லையா என்பது புதிதாக வருகிறவருக்குப் புரியக் கூடாது என்று எழுதுபவர்களுக்கு அறிவுறுத்தியது; கேலி வெறும் உத்தி என்றும், யூதர்களைக் கொல்லவே உண்மையில் விரும்புவதாகவும் அதை எழுதியவரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். “சும்மா சொன்னேன், உனக்கு நகைச்சுவை உணர்வே இல்லையா?” என்று பின்வாங்கத் திறந்து வைத்த புறவாசல் அது.

ஆகையால் ஒரே ஒரு பதிவைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன். அதே ஆள் முன்பு எழுதிய பத்துப் பதிவுகளைப் படித்து, ஒவ்வொன்றிலும் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார் என்று கவனிக்கிறேன். டீஃபோ சிரித்தது தூக்கிலிடச் சொன்னவர்களைப் பார்த்து. கையேட்டுக்காரர்கள் சிரிப்பது தூக்குக்கு நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்து.