பி.எஸ்ஸி. நர்சிங்: அசல் சான்றிதழைத் தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் 71 சதவீதம் பெற்றிருக்கிறாள். பெங்களூரில் பி.எஸ்ஸி. நர்சிங் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒருவர், 50,000 ரூபாய் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். பணம்கூடப் போனால் போகிறது. மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் அவர் கைக்குப் போய்விட்டால், இங்கேயே நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அவற்றை மீட்பதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். அது தெரிந்துதான் அவற்றை முதலிலேயே கேட்கிறார்கள்.

இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் பெற்றிருப்பதே பொதுவான தகுதி. அரசுக் கல்லூரி இடங்களையும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு, பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வில் நிரப்புகிறது. மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு கலந்தாய்வு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதும், அந்த இடைவெளியில் தரகர்கள் வீடு தேடி வருவதும் ஆண்டுதோறும் நடப்பவைதான். தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தரகர்களின் பிழைப்பு போய்விடும், ஆனால் சொல்வதற்குத்தான் ஆளில்லை.

வயதை மட்டும் இன்றே சரிபாருங்கள். சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சிறு வயதிலேயே பள்ளியில் சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு அடுத்த ஜனவரி முதல் வாரத்தில்தான் 17 நிறைகிறது என்றால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் ஓராண்டு காத்திருக்கத்தான் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதியும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு தேதியும் இருந்தால் அதையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். வயதுத் தளர்வு வாங்கித் தருவதாகச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெங்களூர்தான் என்றால், கர்நாடக நர்சிங் கவுன்சில், இந்திய நர்சிங் கவுன்சில், ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் இந்த ஆண்டுப் பட்டியல்களில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். மாணவிகள் பயிற்சி பெறக் கல்லூரிக்கெனச் சொந்தமாக 100 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. முன்னறிவிப்பின்றி ஒரு பிற்பகலில் போய் வார்டைப் பாருங்கள்: மெத்தைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடந்தால், ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் உங்கள் மகள் அங்கே யாரிடம் பழகுவாள்? படித்து முடித்துத் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இங்குள்ள தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலிலும் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும், அதற்குக் கர்நாடக கவுன்சிலின் சரிபார்ப்புக் கடிதத்துக்காக அலைய நேரும் என்பதையும் எந்தத் தரகரும் சொல்வதில்லை.

கட்டணத்தைக் கல்லூரியின் பெயரில் வங்கி வழியாக மட்டும் செலுத்தி, அன்றே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.