எரித்ரோபாய்டின் ஸ்டெம் செல்லைச் சிவப்பணுவாக மாற்றுகிறதா?

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் ஊறுவதற்காகப் போடும் எரித்ரோபாய்டின் ஹார்மோன் ஊசி, எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலமான ஸ்டெம் செல்லையே சிவப்பணுவாக மாற்றுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாக இல்லை. எலும்பு மஜ்ஜையில் ஸ்டெம் செல் நிலைத்திருக்க த்ராம்போபாய்டின் போன்ற வேறு காரணிகள் வேண்டும். எரித்ரோபாய்டினுக்கு வேலை அப்புறம்தான், சிவப்பணுப் பாதையில் ஏற்கெனவே இறங்கிவிட்ட முன்னோடி செல்களிடம். எரித்ரோபாய்டின் கிடைக்காவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே மடிந்துவிடும். கிடைத்தால், அது செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டி, உள்ளே ஜாக்2 என்சைமைத் தூண்டுகிறது. செல் பிழைத்துப் பெருகுகிறது. உடலில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் இந்த ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும், பிழைக்கும் செல்களும் கூடும். எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு!

ஒன்று மட்டும்: இரும்புச்சத்து போதாவிட்டால் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் சரியாக ஏறாது. அதனால்தான் டாக்டர்கள், உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கிறார்கள்.