சி.ஏ. இல்லாதவர் 'சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்' என்று முத்திரை குத்தினால் என்ன தண்டனை?

"எங்கள் ஊர் ஆடிட்டர் சி.ஏ.வே இல்லையாம். அவர் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட் என்னிடம் இருக்கிறது. அவருக்கு என்ன தண்டனை?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக ஒரு சி.ஏ. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் பக்கம் வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிற எல்லோரையும் ஆடிட்டர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ரிட்டர்ன் போடுவது குற்றமில்லை. சி.ஏ. இன்ஸ்டிடியூட்டில் உறுப்பினராக இல்லாமலே சி.ஏ. என்று சொல்லிக்கொண்டால்தான் 1949-ம் வருட சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் 24-வது பிரிவு வரும். முதலில் எழுதப்பட்ட சட்டத்தில் முதல் தடவைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் தண்டிக்கப்பட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அதனால் இன்றைய தொகையை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாதது 28-வது பிரிவு. இந்தச் சட்டத்தின் கீழ் நீங்களாக வழக்குப் போட முடியாது. சி.ஏ. இன்ஸ்டிடியூட்டின் கவுன்சிலோ மத்திய அரசோதான் போட வேண்டும். அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார வேண்டாம். வேறொரு சி.ஏ.வின் உறுப்பினர் எண்ணைப் போட்டு முத்திரை குத்தியிருந்தால் நேராகப் போலீஸுக்குப் போகலாம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆள்மாறாட்ட மோசடிக்கு ஐந்து வருடம் வரையும், ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் செய்ததற்கு ஏழு வருடம் வரையும் சிறை உண்டு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் (ஐபிசி) பொருந்தும்.

கையெழுத்து நிஜமான சி.ஏ.வுடையதாகவும் இருக்கலாம். தன் பெயரில் இன்னொருவர் தொழில் நடத்த விடுவதும், கணக்கைப் பார்க்காமலே கையெழுத்திடுவதும் தொழில் ஒழுங்கீனம். பார்க்காமல் போட்ட கையெழுத்துக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரையே நிரந்தரமாக எடுத்துவிடலாம். ஒரு சி.ஏ.வுக்கு அதைவிடப் பெரிய அடி எதுவும் இல்லை என்பேன்.

சரி, உங்கள் தாளைப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் எல்லாத் தணிக்கை அறிக்கையிலும் யூடின் எண், அதாவது அந்த ஆவணத்துக்கான தனி அடையாள எண், கட்டாயம். மொத்தம் 18 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் வருடத்தைக் குறிக்கும், அடுத்த ஆறு இலக்கம் சி.ஏ.வின் உறுப்பினர் எண். இன்ஸ்டிடியூட்டின் யூடின் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா கடனுக்காகக் கொடுத்த பேலன்ஸ் ஷீட்டை வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. எங்களிடம் கொண்டுவந்தார். ஊதா மையில் வட்ட முத்திரை, பளிச்சென்று இருந்தது. யூடினை பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். பதினாறுதான் இருந்தது. அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் அவருடைய பில் புத்தகங்களை வைத்து இரண்டு வருடக் கணக்கையும் முதலிலிருந்து எழுதினோம். கடன் கிடைக்க நான்கு மாதம் ஆனது. போலீஸில் கொடுக்கும்போது நகலை மட்டும் கொடுத்து, அசலை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.